அல்வா வாங்கிய நாள்

அம்மாவின் கிரியேட்டினின் குறைந்ததற்காக நான் அல்வா வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மதுரை விளக்குத்தூண் பக்கத்தில் இலைத் துண்டில் சுடச்சுட வைத்துத் தருவார்களே, அந்த அல்வா. அரைக் கிலோ கட்டச் சொல்லி டயாலிசிஸ் பிரிவுக்கு எடுத்துப் போனேன். டெக்னீஷியன் தம்பிகள், நர்ஸ் அக்கா, வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி என்று எல்லாருக்கும் கொடுத்தேன். "என்ன சார் விசேஷம்?" என்று கேட்டார்கள். "அம்மாவுக்கு எட்டரை இருந்தது ஆறுக்குக் கீழ வந்துருச்சு" என்றேன். அம்மா அப்போது மிஷினில் இருந்தாள். சர்க்கரை நோய் என்பதால் அவளுக்கு அல்வா கிடையாது. கண்ணை மூடியிருந்தவள், என் குரல் கேட்டுத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

அது 2016 அக்டோபர். அன்று குறைந்திருந்தது என்ன என்பது எனக்குத் தெரியவர இன்னும் இரண்டு மாதம் ஆனது.

நான் கணக்கு ஆசிரியர். அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கிய 2015 ஆவணியிலேயே ஒரு நீள நோட்டு வாங்கிக் கட்டம் போட்டுவிட்டேன். தேதி, எடை, ரத்த அழுத்தம், யூரியா, கிரியேட்டினின், பொட்டாசியம், பாஸ்பரஸ், ஹீமோகுளோபின், ஆல்புமின். நல்லபடியாக இருந்தால் நீல மை, மோசமாக இருந்தால் சிவப்பு மை. மாதா மாதம் பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும் வீடு போய்ச் சேரும்வரை பொறுக்க மாட்டேன். பெரியார் பேருந்து நிலையத்தில் நின்றபடியே எழுதிவிடுவேன். அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, கூட டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களின் பிள்ளைகள் மூன்று பேர், "எங்களுக்கும் இது மாதிரி ஒண்ணு போட்டுத் தாங்க சார்" என்று கேட்டார்கள். மூன்று பேருக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, எந்த எண் எதற்குள் இருக்க வேண்டும் என்று மேலே எழுதியும் கொடுத்தேன்.

அம்மா சத்துணவுக் கூடத்தில் சமையலராக இருந்தவள். 1982-இல் எம்.ஜி.ஆர். அந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். விறகடுப்பு, ஆள் உயரத்துக்குப் பாதி வரும் அண்டா, தினமும் நூற்றைம்பது தட்டு. பரிமாறிவிட்டு வரிசையின் ஓரத்தில் நின்று பார்ப்பாள். "அந்தக் கடைசிப் பய சோத்த ஒதுக்கி ஒதுக்கி வைக்கிறான், மேலுக்கு என்னமோ பண்ணுது, டீச்சர்ட்ட சொல்லு" என்று என்னிடம் சொல்லி அனுப்புவாள். பெரும்பாலும் மறுநாள் அந்தப் பையன் காய்ச்சலில் கிடப்பான்.

அவளுக்கு இருபது வருஷச் சர்க்கரை. கூடவே ரத்த அழுத்தம். சிறுநீரகம் கெட்டதற்கு முதல் காரணம் இவை இரண்டும்தான். ஆனால் என் பங்கும் உண்டு. அண்டாவைத் தூக்கித் தூக்கி அவள் முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. ராத்திரி வலி தாங்காமல் முனகுவாள். பள்ளி விட்டு வரும் வழியில் மெடிக்கலில் நான்தான் வலி மாத்திரை வாங்கி வருவேன், அட்டை அட்டையாக. ஆறேழு வருஷம். முழங்காலில் வீக்கத்தையும் வலியையும் உண்டாக்கும் அதே பொருள்தான் சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் நுண்குழாயை விரித்து வைத்திருக்கிறது என்பதும், அந்தப் பொருளை அடக்கும் மாத்திரைக்கு முழங்கால் எது சிறுநீரகம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது. மருந்துச் சீட்டு கேட்காத கடையும் சொல்லவில்லை. சிறுநீர் நுரைத்துப் போகிறது என்று அவள் சொன்னபோதும், காலையில் கண் இமை தடித்திருந்தபோதும், "வெயில் சூடும்மா, மோர் குடி" என்றுதான் சொன்னேன். டாக்டரிடம் போனபோது, நாலில் மூன்று பங்கு வேலை நின்றிருந்தது. ரத்தத்தில் உப்பு ஏறிவிட்டது என்று ஊரில் சொல்வார்களே, அந்த நிலை. ஒரு வருஷத்தில் மிஷினுக்கு வந்துவிட்டோம்.

வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். முதலில் கழுத்தில் குழாய், பிறகு இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த ஃபிஸ்டுலா. செலவை முதலமைச்சர் காப்பீட்டு அட்டை தாங்கிக்கொண்டது. முதல் ஏழெட்டு மாதம் நன்றாகவே போனது. மிஷினிலிருந்து இறங்கி, பேருந்து ஏறி வந்து, பேத்திக்குத் தலைவாரிப் பின்னல் போட்டுவிடுவாள்.

2016 வைகாசி, ஆனிக்குப் பிறகுதான் சாப்பாடு குறைய ஆரம்பித்தது. முதலில் இரவுச் சாப்பாடு போனது. பிறகு மதியமும் பேருக்குத்தான். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குப் புரதம் வேண்டும், தினமும் இரண்டு முட்டையின் வெள்ளைக் கருவாவது சாப்பிட வேண்டும் என்று உணவு ஆலோசகர் சொல்லியிருந்தார். நோட்டில் ஆல்புமின் 3.7-லிருந்து 3.2, 3.0, 2.7 என்று இறங்கியது. சிவப்பு மை. ஆல்புமின் என்றால் புரதம், புரதம் என்றால் முட்டை, முட்டையை அம்மா சாப்பிடவில்லை, எனவே குற்றம் அம்மாவுடையது. என் கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

தினமும் ராத்திரி சண்டை. தட்டை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்துகொள்வேன்.

"வேணாம்ப்பா. குமட்டுது."

"நீ வேணும்னே பண்ற. உனக்குப் பொழைக்கணும்னு எண்ணமே இல்ல."

"அப்படி இல்ல சாமி. வாயி கசக்குது. இந்தப் பக்கம் பல்லு வேற ஆடுது. ஈறெல்லாம் நமநமங்குது."

"பல்லு அப்புறம் பாத்துக்கலாம்மா. மொதல்ல கிட்னியப் பாப்போம்."

இதே பேச்சு எத்தனை இரவு நடந்தது என்று என்னால் எண்ணிச் சொல்ல முடியாது. என் மனைவிகூட ஒருநாள் கேட்டாள்: "அத்தை ஒரு பக்கமாவே மெல்றாங்க, கவனிச்சீங்களா? பல் டாக்டர்ட்ட ஒருதடவை காட்டலாம்ல." வாரத்தில் மூன்று நாள் அரை நாள் விடுப்பு போட்டுக்கொண்டிருந்தேன். நாலாவதாக ஒரு நாளைப் பல்லுக்காக எடுக்க எனக்கு மனசு வரவில்லை. அறுபது வயதுக்கு மேல் பல் ஆடுவது ஒரு நோயா என்றும் நினைத்தேன். சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் புண் வந்தால் ஆபத்து என்று படித்திருந்ததால், தினமும் தூங்கப் போகும் முன் டார்ச் அடித்து அவள் பாதத்தை, விரல் இடுக்கெல்லாம் விடாமல் பார்ப்பேன். அந்த டார்ச்சை ஒருநாள்கூட வாய்க்குள் அடித்துப் பார்த்ததில்லை.

எழுத வேண்டுமா என்று யோசித்த ஒன்று. புரட்டாசியில் ஒரு ராத்திரி, பொறுமை போய், அவள் தாடையைப் பிடித்து முட்டைத் துண்டை வாய்க்குள் வைத்துவிட்டேன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஊட்டுவது மாதிரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அது ஊட்டல் இல்லை. அவள் மென்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு மெதுவாகத் தட்டில் துப்பினாள். வெள்ளைக் கருவில் ரத்தம் இழையோடியிருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள் என்று நினைத்துத் தட்டைக் கழுவி வைத்தேன்.

மறுபக்கம் நோட்டில் நீல மை கூடிக்கொண்டே போனது. யூரியா குறைந்தது. பாஸ்பரஸ் குறைந்தது. கிரியேட்டினின் 8.6, 7.9, 7.1, 6.4, பிறகு 5.8. எடை மட்டும் மாறாமல் 52 கிலோ. ஹீமோகுளோபின்தான் என்ன செய்தும் எட்டைத் தாண்டவில்லை. சிறுநீரகம் கெட்டால் ரத்தம் ஊறச் சொல்லும் ஹார்மோனும் குறைந்துவிடும், அதற்காக வாரா வாரம் ஊசி போடுவார்கள். ஊசியின் அளவைக் கூட்டினார்கள், அப்போதும் ஏறவில்லை. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இரும்புச்சத்து ஊசி போதவில்லை, இன்னும் போடுங்கள் என்று நான் டாக்டரிடம் வாதாடியிருக்கிறேன். அல்வா வாங்கியது இந்தச் சமயத்தில்தான்.

டிசம்பரில் வழக்கமான டாக்டர் விடுப்பில் போக, ஒரு மாதத்துக்கு வேறொரு டாக்டர் வந்தார். சின்ன வயதுப் பெண். படுக்கை படுக்கையாக வந்தவர் அம்மாவிடம் வந்ததும் என் நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கிரியேட்டினின் கட்டத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வந்தார்.

"இது ஏன் குறைஞ்சதுன்னு நினைக்கிறீங்க சார்?"

"டயாலிசிஸ் நல்லா நடக்குது மேடம். சாப்பாட்டுலயும் கவனமா இருக்கோம்."

"அதே மிஷின். அதே நாலு மணி நேரம். அப்ப மாறினது எது?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் அம்மாவின் போர்வையை முழங்காலுக்கு மேலே ஒதுக்கினார். தொடையை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துக் காட்டினார். அவருடைய இரண்டு கை விரல்களும் சேர்வதற்குக் கொஞ்சம்தான் இடைவெளி இருந்தது.

"கிரியேட்டினின் தசையிலேர்ந்து வர்ற கழிவு சார். தசை இருந்தாத்தான் அது வரும்."

வேறெதுவும் சொல்லவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். நான் அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். நூற்றைம்பது பேருக்கு வடித்த சோற்று அண்டாவைத் துணி சுற்றிப் பிடித்து இறக்கிவைத்த கால். தினமும் ராத்திரி இந்தக் காலின் பாதத்தை மடியில் வைத்துப் பார்த்திருக்கிறேன். கணுக்காலுக்கு மேலே என் டார்ச் போனதில்லை. 8.6, 7.9, 7.1 என்று நான் நீல மையில் எழுதியதெல்லாம் இதைத்தான். மாதத்துக்கு மாதம் அம்மா கரைந்த கணக்கை நான் அழகாகக் கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறேன். மிஷினின் சத்தம் மட்டும் கேட்டது. அல்வா வாங்கிச் சாப்பிட்ட டெக்னீஷியன் தம்பி பக்கத்துப் படுக்கையில் ஊசியைச் சரிசெய்தபடி நின்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

52 கிலோ மாறாததும் ஏமாற்றுதான். சதை போன இடத்தில் தண்ணீர் நின்றிருந்தது. பழைய எடையையே இலக்காக வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் அவள் உடம்பில் ஐந்தாறு லிட்டர் தண்ணீரை மிச்சம் விட்டு வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். ராத்திரி மல்லாந்து படுக்க முடியாமல் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்ததற்கு அதுதான் காரணம். நான் தலையணை ஒன்று கூடுதலாக வாங்கிக் கொடுத்திருந்தேன்.

அன்றே இன்னொரு பரிசோதனை எழுதினார் டாக்டர். சிஆர்பி. நோட்டில் அப்படி ஒரு கட்டமே இல்லை. 5-க்குள் இருக்க வேண்டியது, மறுநாள் 64 என்று வந்தது. "உடம்புக்குள்ள எங்கயோ எரிஞ்சுக்கிட்டே இருக்கு சார். காய்ச்சலா வெளிய தெரியல, அவ்வளவுதான்" என்றார். அழற்சி என்று பாடப்புத்தகத்தில் படித்த சொல் அப்போதுதான் எனக்குப் பொருள் கொண்டது. அழல் என்றால் நெருப்பு. அடி பட்டாலோ கிருமி நுழைந்தாலோ உடம்பு மூட்டிக்கொள்கிற நெருப்பு அது. காரியம் முடிந்ததும் அணைய வேண்டும். அணையாமல் நீறு பூத்துக் கிடந்தால், உடம்பு தன்னையே எரித்துக் குளிர்காய ஆரம்பிக்கும்.

எரிந்தால் என்னவெல்லாம் ஆகும் என்று அவர் சொல்லச் சொல்ல என் நோட்டின் சிவப்பு மை ஒவ்வொன்றாகப் பேசியது. அழற்சியின்போது உடம்பு வெளிவிடும் சில பொருள்கள் மூளைக்குப் போய்ப் பசியை அடக்கிவிடும். அதாவது அம்மா சாப்பிடாததால் மட்டும் நோய் முற்றவில்லை. நோய் எரிந்ததாலேயே அவளால் சாப்பிட முடியவில்லை. அதே பொருள்கள் தசையைக் கரைக்கும். ஈரல், ஆல்புமின் செய்வதைக் குறைத்துக்கொண்டு சிஆர்பி போன்றவற்றைச் செய்யத் திரும்பிவிடும். அப்போது எத்தனை முட்டையைத் திணித்தாலும் ஆல்புமின் நிமிராது.

ரத்தம் ஏறாததற்கும் அதுவே காரணம். அவளுடைய இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 1,100-க்கு மேல் இருந்தது. அழற்சியிலும் அந்த எண் தானாகவே ஏறும். அம்மாவுக்கோ ஏற்கெனவே போட்ட இரும்பும் உள்ளேயே கிடந்தது. இருப்பு இருந்தும் ரத்தம் ஊறவில்லை. அழற்சி வந்தால் ஈரல் ஹெப்சிடின் என்று ஒன்றைச் சுரக்கிறது. கிருமிக்கு இரும்பு கிடைக்கக் கூடாது என்று சேமிப்பறையைப் பூட்டுவது அதன் வேலை. பூட்டினால் எலும்பு மஜ்ஜைக்கும் கிடைக்காது. இதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது அவள் சொன்ன பழைய கதையே ஞாபகம் வந்தது. சத்துணவுக் கூடத்தில் ஒருநாள் அமைப்பாளர் சாவியோடு வெளியூர் போய்விட்டார். அறை நிறைய அரிசி மூட்டை. வெளியே தட்டும் கையுமாகப் பிள்ளைகள். அதைச் சொன்னதும் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "அப்ப இன்னும் மூட்டையக் கொண்டாந்து எறக்கி என்னத்துக்கு? சாவியல்ல தேடணும்" என்றாள். நான் மேலும் மேலும் இரும்பு ஊசி கேட்டு வாதாடியதை அவளிடம் சொல்லவில்லை.

சாவியைத் தேடினோம். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு எரிவதற்கு விறகு பல இடத்திலிருந்து வரும் என்றார் டாக்டர். அழற்சிப் பொருள்களை வடிகட்டி வெளியேற்றும் வேலையும் சிறுநீரகத்துடையதுதான், அது நின்றுபோகிறது. குடலின் சுவர் கசிகிறது. உடம்பில் தேங்கும் தண்ணீர் ஒரு காரணம். வாரத்துக்கு மூன்று தடவை ரத்தம் பிளாஸ்டிக் குழாயில் சுற்றி வருவதே ஒரு காரணம். இவை எல்லாருக்கும் உள்ளவை, 64-க்கு இவை போதாது, வேறு ஏதோ இருக்கிறது என்றார். ஃபிஸ்டுலா கையை அமுக்கிப் பார்த்தார். மார்புப் படம் எடுத்தோம். காசநோய்ப் பரிசோதனை செய்தோம். காலைப் பார்த்தார், புண் இல்லை. அதை மட்டும் நான் ஒழுங்காகச் செய்திருந்தேன்.

மூன்றாம் நாள் அவர் அம்மாவின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார்: "அம்மா, உங்களுக்கு எங்கயாச்சும் வலி இருக்கா?"

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. முதலில் என் முகத்தைப் பார்த்தாள்.

சொல்லலாமா என்று கேட்கும் பார்வை அது. மாதக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் வாயடைக்கப்பட்டவளின் பார்வை. சத்துணவுக் கூடத்தில் குரல் கொடுத்தால் பள்ளிக்கூட வாசல்வரை கேட்கும். அவள் இப்போது தன் வலியைச் சொல்ல மகனிடம் அனுமதி கேட்கிறாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகுதான் அவள் சொன்னாள்: "பல்லு வலிக்குது டாக்டரம்மா. ரொம்ப நாளா."

வாயைத் திறக்கச் சொல்லி டாக்டர் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தார். ஈறை விரலால் லேசாக அழுத்தியதும் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலிருந்து சீழ் வந்தது.

பல் மருத்துவரைப் பிடிப்பது சுலபமாக இல்லை. டயாலிசிஸ் நோயாளி என்றதும் ஒருவர் தயங்கினார். கடிதம் வாங்கிக்கொண்டு இன்னொருவரிடம் போனோம். டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் போடுவதால், மறுநாள்தான் பல்லைப் பிடுங்க வேண்டும். இடது கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது. வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். இரண்டு தவணையில் ஐந்து பல் எடுத்தார்கள், மற்ற ஈறுகளை ஆழமாகச் சுத்தம் செய்தார்கள். வேலை முடிந்ததும் அந்தப் பல் டாக்டர் தன் உள்ளங்கையில் பாதியை விரலால் வட்டமிட்டுக் காட்டினார். "வாய்க்குள்ள இருந்த புண்ணெல்லாம் விரிச்சு வச்சா இவ்வளவு வரும். கால்ல இந்த அளவுக்குப் புண்ணு இருந்தா சும்மா விட்டிருப்பீங்களா?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

ஏழு வாரம் கழித்து சிஆர்பி 11. முழுவதும் அணையவில்லை, டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு அது பெரும்பாலும் அணைவதில்லை. ஆனால் ஊசியின் அளவைக் கூட்டாமலேயே ஹீமோகுளோபின் 9.7 ஆனது. இலக்கு எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து 46-க்குக் கொண்டுவந்தார்கள். அம்மா மறுபடி படுத்துத் தூங்கினாள். மாசி மாதம் ஒரு காலையில், நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து அவள் குரல் கேட்டது. "ஒரு முட்டைய அவிச்சுத் தா, ஆத்தா" என்று மருமகளிடம் கேட்டாள். பல் இல்லாத பக்கத்தில் வைத்து, மசித்து மசித்து முழுவதையும் சாப்பிட்டாள். நான் வாசலில் ஒரு காலில் செருப்போடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் கிரியேட்டினின் 6.3. ஏறியிருந்தது. நீல மையில் எழுதினேன்.

போனது எல்லாம் திரும்பவில்லை. கரைந்த தசையில் கொஞ்சம்தான் மீண்டது. மாடிப்படி ஏறுவது நின்றேபோனது, மொட்டை மாடியில் வடகம் காயப்போடுவதும் அதோடு நின்றது. எக்கோ எடுத்தபோது இதயத்தின் இடது அறை தடித்திருந்தது. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களைப் பெரும்பாலும் கொண்டுபோவது இதயமும் ரத்தக் குழாயும்தான். நீண்ட நாள் அழற்சி அந்தக் குழாய்களை உள்ளிருந்து தடிக்கவைக்கிறது. ஊட்டம் குறைவதும் அழற்சியும் குழாய் தடிப்பதும் கைகோத்து வருகின்றன என்று சுவீடனில் பீட்டர் ஸ்டென்வின்கெல் என்ற சிறுநீரக மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1999-இலேயே எழுதியிருக்கிறார்கள். நான் நோட்டுக்குக் கோடு போடுவதற்குப் பதினாறு வருஷம் முன்னால். தேடியிருந்தால் கிடைத்திருக்கும். டயாலிசிஸ் பிரிவின் வாசலில் நான் காத்திருந்த மணி நேரங்களைக் கூட்டினால் ஒரு பட்டப்படிப்பையே படித்திருக்கலாம்.

அழற்சியை மருந்தால் அடக்கலாமா என்று பல நாடுகளில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சில்டிவெகிமாப் என்ற ஊசியை, நாள்பட்ட சிறுநீரக நோயும் சிஆர்பி அதிகமும் உள்ள 264 பேரிடம் சோதித்துப் பார்த்த முடிவு 2021-இல் வந்தது. அதிக அளவு போட்டவர்களுக்கு சிஆர்பி பத்தில் ஒன்பது பங்கு குறைந்திருந்தது. படித்தபோது அம்மா இல்லை. 2018 மாசியில், ஒரு விடியற்காலை, மிஷினுக்குப் போகவேண்டிய நாளில், இதயம் நின்று இறந்துபோனாள்.

அந்த டாக்டர் சொன்ன நாளிலிருந்து நோட்டில் இரண்டு கட்டம் கூடுதலாகப் போட்டிருந்தேன். ஒன்று சிஆர்பி. இன்னொன்றுக்கு 'அம்மா சொன்னது' என்று தலைப்பு. பதினான்கு மாதம் அந்தக் கட்டத்தை விடாமல் எழுதினேன். "இன்னைக்கி மோர் ருசிச்சது." "ஊசி போட்ட எடம் சூடா இருக்கு." "கீழ் வரிசையில ஒரு பல்லு ஆடுது." அதைச் சொன்ன மறுநாளே கூட்டிப்போனேன். இந்தக் கட்டத்துக்குச் சிவப்பு மை, நீல மை என்று பிரிக்கவில்லை.

நான் கோடு போட்டுக் கொடுத்த மற்ற மூன்று நோட்டுகளை நினைத்தபோது தூக்கம் போனது. அவற்றிலும் கிரியேட்டினின் குறைந்தால் நீல மையில் எழுதுங்கள் என்று நானே சொல்லிக்கொடுத்திருந்தேன். அம்மாவுக்குப் பல் எடுத்த வாரமே ஒவ்வொருவராகத் தேடிப் போனேன். இருவருடைய நோட்டில் அந்த இரண்டு கட்டத்தையும் சேர்த்துவிட்டு, சிஆர்பி பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள், சாப்பிடவில்லை என்று திட்டாதீர்கள், எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள் என்று சொன்னேன். மூன்றாவது வீடு உசிலம்பட்டிப் பக்கம். அங்கே போனபோது பெரியவர் காலமாகி இருபது நாள் ஆகியிருந்தது. அவருடைய மகள் காப்பி கொடுத்துவிட்டு, "சார் போட்டுத் தந்ததுதான், ஒருமாசம்கூட விடல" என்று நோட்டை எடுத்துவந்து காட்டினாள். கடைசி நான்கு மாதமும் கிரியேட்டினின் கட்டத்தில் நீல மை இருந்தது.